அடுத்த ஆண்டும் இந்த அணி இருக்குமா?

கொல்லிமலையில் குண்டனி நாட்டுக்கு நான் குடிவந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளியல் கற்பித்துவிட்டு, தாய்வழியில் வந்த சிறு மிளகுத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு இங்கே இருக்கிறேன். 2025 டிசம்பர் 10ஆம் தேதி மாலை, எங்கள் ஊர்த் தேநீர்க் கடையின் தொலைக்காட்சியில் இளையோர் உலகக் கோப்பை ஹாக்கியின் வெண்கலப் பதக்க ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. சென்னையில் நடந்த அந்த ஆட்டத்தில் இந்தியா அர்ஜென்டினாவிடம் 0-2 எனப் பின்தங்கியிருந்தது. கடைசிக் கால்பகுதியில் நான்கு கோல்கள் அடித்து 4-2 என வென்றபோது, கிரிக்கெட்டைத் தவிர வேறெதற்கும் குரல் எழாத அந்தக் கடையில் கைதட்டல் எழுந்தது.

என் பக்கத்தில் அமர்ந்திருந்தவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். மலையிலுள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் படிக்கிறான். பள்ளியில் ஹாக்கி மட்டையைப் பிடித்துப் பழகுகிறான். ஜனவரி முதல் வாரத்தில் சென்னையில் ஹாக்கி இந்தியா லீக் தொடங்கப் போகிறது என்றும், தமிழ்நாடு டிராகன்ஸ் அங்கே ஆடும் என்றும் அவனிடம் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு அவன் கேட்டான்: “அய்யா, அந்த டீம் அடுத்த வருசமும் இருக்குமா?”

வெல்லுமா என்று அவன் கேட்கவில்லை. இருக்குமா என்றே கேட்டான். நான் படித்த விளையாட்டுப் பொருளியல் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிட்டதாக எனக்குத் தோன்றியது. ஒரு தொழில்முறை அணிக்கு எது பெரிய சொத்து? என்றோ ஒருமுறை வென்ற கோப்பையா, ஆண்டு தவறாமல் பிளே-ஆஃப் சுற்றை எட்டும் பழக்கமா? என் விடை இரண்டாவதுதான். ஆனால் அந்த விடை பொருந்துவதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. இந்திய ஹாக்கி இருபது ஆண்டுகளாகத் தவறவிட்டு வருவது அந்த முன்நிபந்தனையைத்தான்.

வட அமெரிக்கா சொல்லும் பாடம்

தொழில்முறை ஹாக்கியில் பெரும்பணம் புழங்குவது வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கியில். தேசிய ஹாக்கி லீக் எனப்படும் என்.எச்.எல். அமைப்பில் 32 அணிகள் ஆடுகின்றன. அவற்றில் 16 அணிகள் பிளே-ஆஃப் சுற்றுக்குச் செல்கின்றன. நமது ஹாக்கி இந்தியா லீக்கின் ஆடவர் பிரிவில் எட்டு அணிகள். நான்கு அணிகள் பிளே-ஆஃப் சுற்றுக்குச் செல்கின்றன. ஆட்டத்தின் தளம் வேறு, விதி வேறு. ஆனால் பாதி அணிகளுக்குக் கதவு திறக்கும், பாதி அணிகளுக்கு மூடும் என்ற கணக்கு இரண்டிலும் ஒன்றே.

அங்கே ஒவ்வோர் அணிக்கும் வழக்கமான பருவத்தில் 82 ஆட்டங்கள். அவற்றில் 41 சொந்த அரங்கில். வீரர்களின் ஊதியம் அந்தப் பருவத்துக்குள்ளேயே கொடுத்துத் தீர்க்கப்படுகிறது. பிளே-ஆஃப் சுற்றில் அவர்களுக்குக் கிடைப்பது லீக் ஒதுக்கும் பொதுவான தொகையிலிருந்து ஒரு பங்கு மட்டுமே. ஆகவே அச்சுற்றில் சொந்த அரங்கில் நடக்கும் ஒவ்வோர் ஆட்டத்தின் நுழைவுச்சீட்டு வருவாயும் அணி உரிமையாளருக்குப் பெரும்பாலும் உபரிதான். நான்கு சுற்றுகள், ஒவ்வொன்றிலும் ஏழு ஆட்டங்களில் நான்கை வெல்ல வேண்டும் என்ற அமைப்பு. முதல் சுற்றிலேயே வெளியேறும் அணிக்கும் குறைந்தது இரண்டு ஆட்டங்கள் சொந்த ஊரில் கிடைத்துவிடும். இறுதிவரை செல்லும் அணிக்கு இந்த எண்ணிக்கை 16 வரை உயரலாம்.

இது ஓர் ஆண்டின் கணக்கு. பல ஆண்டுகளின் கணக்கு இன்னும் சுவையானது. அமெரிக்காவின் தென்பகுதியில், ஐஸ் ஹாக்கி மரபு அதிகமில்லாத வட கரோலினா மாநிலத்தில் கரோலினா ஹரிகேன்ஸ் என்றோர் அணி உண்டு. 2006ஆம் ஆண்டு அது ஸ்டான்லி கோப்பையை வென்றது. அந்த விளையாட்டில் அதைவிட உயர்ந்த பரிசு கிடையாது. அடுத்த 12 பருவங்களில் 2009ஆம் ஆண்டு ஒருமுறை மட்டுமே அது பிளே-ஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது. விளைவு என்ன? 2016-17 பருவத்தில் லீக்கிலேயே மிகக் குறைவான பார்வையாளர்கள் வந்த அரங்கு அந்த முன்னாள் சாம்பியனுடையது. கோப்பை காட்சிப் பேழையில் இருந்தது. இருக்கைகள் காலியாக இருந்தன.

2019 முதல் அதே அணி ஆண்டு தவறாமல் பிளே-ஆஃப் சுற்றுக்குச் சென்றுவருகிறது. 2025 வரையிலான இந்த ஏழு ஆண்டுகளில் ஒரு கோப்பையும் வெல்லவில்லை. ஆனாலும் அரங்கு மீண்டும் நிறைந்தது. கோப்பை செய்யாத வேலையைத் தொடர்ச்சி செய்தது.

எதிர்முனையில் நிற்பது அட்லாண்டா. அங்கே 1999இல் ஆடத் தொடங்கிய திராஷர்ஸ் அணி, தன் வாழ்நாளில் ஒரே ஒருமுறை, 2007இல், பிளே-ஆஃப் சுற்றை எட்டியது. அதிலும் நான்கு ஆட்டங்களையும் தோற்றது. 2011இல் அணியே விற்கப்பட்டுக் கனடாவின் வின்னிபெக் நகருக்குப் போய்விட்டது. அதற்கு முன் 1972இல் தொடங்கிய வேறோர் அணியும் அட்லாண்டாவை விட்டு 1980இல் கால்கரிக்குப் போயிருந்தது. இரண்டு முறை அணியை இழந்த நகரத்தின் ரசிகனிடம் மூன்றாவது அணிக்குச் சீட்டு வாங்கச் சொல்வது எளிதன்று. சென்னை வாசகர்கள் இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தற்செயலும் தகுதியும்

கோப்பை என்பது தகுதியும் தற்செயலும் சேர்ந்து தருவது. ஹாக்கியில் கோல்கள் குறைவு. ஒரு பெனால்டி கார்னர், காவலரின் காலில் பட்டுத் திரும்பிய ஒரு பந்து, முடிவையே மாற்றிவிடும். சென்ற பருவத்தின் அரையிறுதியில் தமிழ்நாடு டிராகன்ஸும் வங்காளத்தின் ஷ்ராச்சி ரார் பெங்கால் டைகர்ஸும் 2-2 எனச் சமநிலையில் முடித்தன. ஷூட்-அவுட்டில் 6-5 எனப் பெங்கால் வென்று, பிறகு கோப்பையையும் வென்றது. அந்த ஒரு முயற்சியின் வித்தியாசம் இரு அணிகளின் தகுதி வித்தியாசத்தைக் காட்டுவதாக எந்தப் புள்ளியியலாளரும் சொல்லமாட்டார்.

ஆகவே அறிவுள்ள நிர்வாகம் செய்யக்கூடியது, தற்செயல் தன் வாசலுக்கு அடிக்கடி வர வழி செய்வதுதான். அரையிறுதியை எட்டும் நான்கு அணிகளுக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை எட்டினால் கோப்பைக்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. பத்து ஆண்டுகளில் இரண்டு முறை மட்டும் எட்டும் அணிக்கு, ஒரு கோப்பையாவது கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 44 விழுக்காடு. ஐந்து முறை எட்டினால் 76 விழுக்காடு. பத்து முறையும் எட்டினால் 94 விழுக்காடு. கோப்பையை மட்டுமே குறிவைத்து ஓர் ஆண்டில் எல்லாவற்றையும் செலவிடும் அணியைவிட, ஆண்டுதோறும் முதல் நான்கில் நிற்கும் அணிக்கே கோப்பையும் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். இது பள்ளிக் கணக்கு. ஆனால் ஏலக் கூடத்தில் பலருக்கு மறந்துபோகும் கணக்கு.

தற்செயல் தொடர்ச்சியைத் தராது என்பதையும் இதே கணக்கு காட்டும். இருபாதி வாய்ப்புள்ள லீக்கில், வெறும் அதிர்ஷ்டத்தால் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து தகுதிபெற 32இல் ஒரு வாய்ப்புதான் உண்டு. டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணி 1991 முதல் 2016 வரை தொடர்ந்து 25 பருவங்கள் பிளே-ஆஃப் சுற்றில் ஆடியது. இன்றைய விகிதப்படி அது வெறும் அதிர்ஷ்டத்தால் நிகழ மூன்று கோடியே முப்பத்தைந்து லட்சத்தில் ஒரு வாய்ப்புதான். அன்று லீக்கில் அணிகள் குறைவு என்பதால் கதவு சற்று அகலமாகத் திறந்திருந்தது உண்மை. அதைக் கழித்துப் பார்த்தாலும் எஞ்சுவது அதிர்ஷ்டமன்று. திறமையறிந்து வீரர்களைத் தேர்ந்தெடுத்த நிர்வாகமும் பொறுமையும். அந்த 25 பருவங்களில் நான்கு கோப்பைகளும் வந்தன.

எங்கள் மலையில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடியை ஏற்றுகிறோம். நட்டு மூன்று ஆண்டுகள் காத்திருந்தால்தான் சரம் பிடிக்கும். ஓர் ஆண்டு கொட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆண்டு வெறும் இலையாக நிற்கும் கொடியைக் காட்டி எந்த வியாபாரியிடமும் முன்பணம் கேட்க முடியாது. சுமாராகவேனும் ஆண்டுதோறும் காய்க்கும் தோட்டத்தைத் தேடித்தான் வியாபாரி மலையேறி வருகிறார். விளம்பரதாரரும் ஒளிபரப்பாளரும் அந்த வியாபாரியைப் போன்றவர்களே.

எதிர்பார்ப்பு என்னும் மூலதனம்

இதைத் தமிழ்நாட்டு வாசகருக்கு விளக்க டெட்ராய்ட் வரை போக வேண்டியதில்லை, சேப்பாக்கம் போதும். சென்னை சூப்பர் கிங்ஸ் 2008 முதல் 2015 வரை எட்டுப் பருவங்களிலும் கடைசி நான்குக்குள் வந்தது. அந்த எட்டில் வென்ற கோப்பைகள் 2010, 2011 ஆகிய இரண்டு மட்டுமே. பிறகு இரண்டு ஆண்டுகள் தடை. 2018இல் திரும்பி வந்தபோது, காவிரிப் போராட்டத்தால் சென்னை ஆட்டங்கள் புணேவுக்கு மாற்றப்பட்டன. ரசிகர்களைப் புணேவுக்கு ஏற்றிச்செல்ல ஒரு தனி ரயிலே புறப்பட்டது. இரண்டு ஆண்டுகள் இல்லாமலிருந்த அணிக்காக ரயில் ஏறியவர்களை ஏற்றிவிட்டது அந்த எட்டு ஆண்டுகளின் எதிர்பார்ப்பு.

2025 வரை அந்த அணி ஆடிய பருவங்கள் 16, பிளே-ஆஃப் சுற்றை எட்டியவை 12, இறுதி ஆட்டங்கள் 10, கோப்பைகள் 5. ஐந்து இறுதி ஆட்டங்களில் தோற்றிருக்கிறது என்பதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. 2025இல் முதன்முறையாகக் கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டபோதும் சேப்பாக்கத்தில் மஞ்சள் சட்டைகள் குறையவில்லை. சேமிப்பு இருக்கும் குடும்பம் ஒரு வறட்சி ஆண்டைத் தாங்குவதுபோல, தொடர்ச்சியால் சேர்ந்த நம்பிக்கை ஒரு தோல்வி ஆண்டைத் தாங்குகிறது. பெங்களூரு அணியின் கதையும் இதற்குச் சான்றுதான். 18ஆவது பருவத்தில், 2025 ஜூனில்தான் அது முதல் கோப்பையை வென்றது. ஆனால் அதற்குள் பத்து முறை கடைசி நான்கில் நின்றிருந்தது. “இந்த முறை” என்று ரசிகர்கள் பதினேழு ஆண்டுகள் சொல்லிக்கொண்டே இருந்ததற்கு அந்த வருகைகளே காரணம்.

இதற்கு மாறாக, 2009இல் கோப்பையை வென்ற டெக்கான் சார்ஜர்ஸ் 2012இல் இல்லாமலே போனது. உரிமையாளரின் நிதி நெருக்கடி அதற்கு நேரடிக் காரணம். ஆனால் கோப்பை வென்ற பெருமை அந்த அணியைக் காப்பாற்றப் போதவில்லை என்பதும் உண்மை. கபடியில் நமது தமிழ் தலைவாஸ் 2017இல் களமிறங்கியது முதல் 2025 வரை ஒரே ஒரு பருவத்தில், 2022இல், பிளே-ஆஃப் சுற்றை எட்டியிருக்கிறது. கபடி பிறந்த மண் என்று பெருமைப்படும் மாநிலத்தில் அந்த அணியின்மேல் பற்று ஏன் ஆழமாக வேர்விடவில்லை என்பதற்கு வேறு ஆய்வு தேவையில்லை.

பெயர் மாறிய அணிகள்

இப்போது ஹாக்கிக்கு வருவோம். 2005இல் பிரீமியர் ஹாக்கி லீக் தொடங்கியபோது சென்னை வீரன்ஸ் என்ற அணி இருந்தது. 2008ஓடு அந்த லீக் நின்றது. 2012இல் வேர்ல்டு சீரிஸ் ஹாக்கி வந்தது. சென்னை சீட்டாஸ் என்ற அணி எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆடியது. பன்னாட்டுச் சம்மேளனத்தின் ஒப்புதல் இல்லாமல், நிர்வாகச் சண்டைக்கு நடுவே நடந்த அந்தப் போட்டி ஒரே பருவத்தில் முடிந்தது. 2013இல் ஹாக்கி இந்தியா லீக் தொடங்கியது. 2017வரை நடந்த ஐந்து பருவங்களிலும் தமிழ்நாட்டுக்கு அணியே இல்லை. பிறகு ஏழாண்டு வெற்றிடம். 2024 டிசம்பரில் லீக் உயிர்பெற்றபோது, சார்லஸ் குழுமத்தின் உரிமையில் தமிழ்நாடு டிராகன்ஸ் பிறந்தது. இருபது ஆண்டுகளில் மூன்று லீக்குகள், மூன்று பெயர்கள்.

2012இல் என் மாணவர் ஒருவர் சீட்டாஸ் அணியின் பெயர் பொறித்த சட்டை ஒன்றை வாங்கி வகுப்புக்கு அணிந்து வந்தார். மறு ஆண்டு அதைப் பற்றிக் கேட்டபோது, “வீட்டில் தரை துடைக்கிறார்கள், சார்” என்றார். நான் சிரித்தேன், ஆனால் அது ஒரு முதலீட்டாளர் தன் முதலை இழந்த செய்தி. ரசிகர் போடும் முதல் பணமன்று, நினைவும் நேரமும். அவற்றை ஒருமுறை இழந்தவர் மறுமுறை தயங்குவார்.

பழைய ஹாக்கி இந்தியா லீக்கிலும் இரண்டு கதைகள் உள்ளன. 2013இல் முதல் சாம்பியனான ராஞ்சி ரைனோஸ், 2014 பருவத்துக்குப் பிறகு லீக்கிலிருந்து விலகியது. அதே ஊரில் ராஞ்சி ரேஸ் என்ற புதிய பெயரில் வேறோர் அணி வந்தது. மற்றொன்று பஞ்சாப் வாரியர்ஸ். 2014இல் இறுதி ஆட்டத்தில் தோல்வி. 2015இல் மீண்டும் இறுதி, மீண்டும் தோல்வி. 2016இல் மூன்றாம் முறையாக இறுதிக்கு வந்து கோப்பையை வென்றது. தொடர்ச்சியின் பலனுக்கு இதைவிடத் தெளிவான இந்திய ஹாக்கிச் சான்று கிடையாது. ஆனால் அந்தத் தொடர்ச்சி சேர்த்த நம்பிக்கையை வைத்துக்கொள்ள வங்கியே இல்லாமல் போனது. 2017ஓடு லீக் நின்றது. இன்று பஞ்சாபுக்காக ஆடுவது சூர்மா என்ற வேறோர் அணி.

நான் முதலில் சொன்ன முன்நிபந்தனை இதுதான். அணி தொடர்ந்து பிளே-ஆஃப் சுற்றுக்கு வருவதன் மதிப்பு, லீக் தொடர்ந்து நடப்பதைப் பொறுத்தது. 25 பருவங்கள் டெட்ராய்ட் தகுதிபெற்றது என்றால், அந்தக் காலம் முழுவதும் தகுதிபெற ஒரு போட்டி இருந்தது என்றும் பொருள். தொழில் தகராறால் 2004-05 பருவம் முழுவதுமே அங்கே ரத்தானது. ஆனால் அடுத்த ஆண்டு அதே அணிகள், அதே பெயர்களுடன், அதே அரங்குகளுக்குத் திரும்பின. நம்மிடம் ஒருமுறை நின்றால் எல்லாமே முதலிலிருந்து தொடங்குகிறது.

இந்தப் பருவத்திலும் அந்த அச்சம் நீங்கவில்லை. சென்ற ஆண்டு ஆடிய கோனாசிகா அணி இப்போது இல்லை. அந்த இடத்துக்கு ராஞ்சி ராயல்ஸ் வந்திருக்கிறது. உத்தரப் பிரதேச ருத்ராஸ் விலகிவிட்டதால், லீக்கின் நிர்வாகக் குழுவே ஓர் அணியை நடத்துகிறது. ஒரே பருவத்தில் எட்டில் இரண்டு அணிகள் மாறியிருக்கின்றன. மலையில் ஒரு சிறுவன் “இருக்குமா” என்று கேட்டது அவநம்பிக்கையால் அன்று, அனுபவத்தால்.

வரவும் செலவும்

அணிகள் ஏன் விலகுகின்றன? வெளிப்படையான எண்களையே பார்ப்போம். சென்ற பருவத்தில் ஆடவர் அணி ஒன்று வீரர்களை வாங்க ஏலத்தில் செலவிடக்கூடிய உச்சவரம்பு ரூ.4 கோடி. அதிக விலைபோன ஹர்மன்பிரீத் சிங்குக்குக் கிடைத்தது ரூ.78 லட்சம். 2025 பருவத்துக்கான ஐ.பி.எல். அணியின் உச்சவரம்பு ரூ.120 கோடியாக இருந்தது. முப்பது மடங்கு வேறுபாடு. ஹாக்கியில் செலவு குறைவுதான். ஆனால் சாம்பியனுக்கான பரிசு ரூ.3 கோடி. அதாவது கோப்பையை வென்ற அணிகூடப் பரிசுத்தொகையைக் கொண்டு வீரர்களின் விலையை ஈடுகட்ட முடியாது. பயணம், தங்குமிடம், பயிற்சியாளர் ஊதியம் எல்லாம் அதற்கு மேல்.

வேறெங்கிருந்து பணம் வரும்? வட அமெரிக்காவில் வருவதுபோல் சொந்த ஊர் அரங்கிலிருந்து வர வேண்டும். சென்ற பருவத்தில் ஆடவர் ஆட்டங்கள் ரூர்கேலாவிலும் ராஞ்சியிலும் நடந்தன. தமிழ்நாட்டின் பெயரைத் தாங்கிய அணி அரையிறுதிவரை சென்றது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் சூர்மாவிடம் 2-1 எனத் தோற்றது. இத்தனையும் தமிழ்நாட்டில் ஓர் ஆட்டம்கூட ஆடாமலேயே. பிளே-ஆஃப் சுற்றுக்குச் சென்றதன் முழுப் பலனில் அந்த அணிக்குக் கிடைத்தது செய்தித்தாளில் சில வரிகள் மட்டுமே. இந்த ஜனவரியில் லீக் சென்னைக்கு வருவது அந்தக் குறையின் முதல் திருத்தம்.

இதில் உரிமையாளரின் இலாப நட்டத்தைவிடப் பெரியதொன்று பணயம் வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டு ஹாக்கியைத் தாங்கியவை துறை அணிகள்: ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, வருமான வரித் துறை. வீரர் ஒருவர் அங்கே சேர்ந்தால் ஓய்வுபெறும்வரை சம்பளம் உறுதி. அணி தோற்றாலும் அடுப்பு எரியும். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணிக்கு வாசுதேவன் பாஸ்கரன் தலைமை தாங்கிய தலைமுறையின் பின்னே அந்தப் பாதுகாப்பு இருந்தது. தொழில்முறை லீக் அதற்கு மாற்றாக வருமானால், அதே அளவு உறுதியைத் தராவிட்டாலும், ஐந்தாண்டுத் தொலைவாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அரியலூரிலிருந்து வந்த கார்த்தி செல்வம் இந்திய அணிவரை உயர்ந்து, டிராகன்ஸுக்கும் ஆடுகிறார். அவரைப் பார்த்துக் கோவில்பட்டியிலும் இந்த மலையிலும் மட்டையை எடுக்கும் பிள்ளைகளுக்கு, பெற்றோரிடம் சொல்ல ஒரு பதில் வேண்டும்.

மறுதரப்பு வாதங்கள்

தொடர்ச்சியைப் போற்றுவதில் ஆபத்து இல்லையா என்று என் பழைய சகாக்கள் கேட்கக்கூடும். விளையாட்டுப் பொருளியலின் முதல் பாடமே அதுதான். 1956இல் சைமன் ராட்டன்பெர்க், முடிவு நிச்சயமில்லாமல் இருப்பதுதான் பார்வையாளரை இழுக்கிறது என்று வாதிட்டார். 1964இல் வால்டர் நீல், மற்றத் தொழில்களில் போட்டியாளர் ஒழிந்தால் இலாபம், விளையாட்டில் போட்டியாளர் ஒழிந்தால் தொழிலே ஒழிந்தது என்று காட்டினார். ஒரே நான்கு அணிகள் ஆண்டுதோறும் அரையிறுதிக்கு வந்தால் மற்ற நான்கின் ரசிகர்கள் எதற்காகக் காத்திருப்பார்கள்?

வாதம் சரியானது, எனவேதான் என்.எச்.எல். 2005 முதல் ஊதிய உச்சவரம்பு வைத்திருக்கிறது. நமது ஏல உச்சவரம்பின் நோக்கமும் அதுவே. சமமான பணத்தைக் கொண்டு ஓர் அணி தொடர்ந்து முன்னிற்குமானால், அது திறமையின் தொடர்ச்சி. அதைத் தண்டிக்க வேண்டியதில்லை. மறுபுறம், பஃபலோ நகரின் அணி 2012 முதல் 2025 வரை 14 பருவங்கள் தொடர்ந்து பிளே-ஆஃப் சுற்றுக்கு வெளியே நின்றது. உச்சவரம்பு வாய்ப்பைத்தான் சமமாக்கும், நிர்வாகத் திறமையை அன்று என்பதற்கு அது சாட்சி.

இரண்டாவது வாதம்: கோப்பை இல்லாத தொடர்ச்சி சலிப்பைத் தராதா? டொரான்டோ மேப்பிள் லீஃப்ஸ் 1967க்குப் பிறகு ஸ்டான்லி கோப்பையை வென்றதில்லை. 2017 முதல் 2025 வரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து பிளே-ஆஃப் சென்று, இரண்டு தொடர்களை மட்டுமே வென்றது. அதன் ரசிகர்கள் கோபமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் கோபப்படுபவர்கள் அரங்குக்குள் அமர்ந்து கோபப்படுகிறார்கள். ஓர் அணி அஞ்ச வேண்டியது ரசிகரின் கோபத்தை அன்று, மறதியை.

மூன்றாவது எச்சரிக்கையை நானே முன்வைக்கிறேன். தொடர்ச்சியைக் காப்பதற்காக எதிர்காலத்தை அடகுவைக்கவும் கூடாது. 25 பருவங்கள் ஆடிய டெட்ராய்ட், வயதேறிய வீரர்களையே நம்பி நின்று, அதன் பிறகு 2025 வரை ஒன்பது பருவங்கள் வெளியே நின்றது. விதைநெல்லைத் தின்று ஓராண்டுப் பசியைத் தீர்ப்பது தொடர்ச்சி ஆகாது.

செய்யவேண்டியவை

என் பரிந்துரைகள் நான்கு. முதலாவது, சொந்த மண். டிராகன்ஸின் ஆட்டங்களில் ஒரு பகுதி ஆண்டுதோறும் தமிழ்நாட்டில் நடக்கும் என்பது லீக்கின் நிலையான விதியாக வேண்டும். சென்னை அரங்கு மட்டுமன்று. இளையோர் உலகக் கோப்பைக்காக மதுரையில் பன்னாட்டு அரங்கு எழுந்திருக்கிறது. கோவில்பட்டியில் செயற்கைத் தளம் இருக்கிறது. அரசு கட்டிய தளங்களில் ஆட்டம் நடக்க வேண்டாமா?

இரண்டாவது, உரிமையாளரின் உறுதி. குறைந்தது ஐந்து பருவங்கள் அணியை நடத்துவதற்கான வைப்புத்தொகையை லீக் முன்கூட்டியே பெற வேண்டும். விலகுபவரின் தொகை, அணியின் பெயரும் நிறமும் மாறாமல் அடுத்தவர் எடுத்து நடத்த உதவ வேண்டும். மூன்றாவது, பரிசுப் படிநிலை. ஒரு பருவத்தின் கோப்பைக்கு மட்டுமன்றி, மூன்று பருவங்களில் எத்தனை முறை அரையிறுதியை எட்டியது என்பதற்கும் ஓர் ஊக்கத்தொகை இருக்கலாம். எதற்குப் பரிசு உண்டோ அதை நோக்கியே நிர்வாகம் நடக்கும்.

நான்காவது, அணி நிர்வாகத்துக்கு. ஒவ்வோர் ஏலத்திலும் முழு அணியையும் கலைத்துக் கட்டாதீர்கள். உள்ளூர் வீரர்கள் ஐந்தாறு பேரையாவது ஆண்டுக்கணக்கில் வைத்திருங்கள். ரசிகர் நினைவில் நிற்பது சின்னமன்று, முகங்கள்.

ஜனவரியில் டிராகன்ஸ் கோப்பையை வென்றால் மகிழ்வேன். அரையிறுதியில் நின்றாலும் வருந்தமாட்டேன். அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அதே பெயரில் அதே இடத்தில் நின்றால் போதும், கோப்பை தானே ஒருநாள் வரும். இந்த ஆண்டு புதிதாகச் சில மிளகுக் கொடிகளை நட்டிருக்கிறேன். அவை காய்ப்பதற்குள் அந்த மாணவன் பள்ளிப் படிப்பை முடித்திருப்பான். தேநீர்க் கடையில் அவன் கேட்ட கேள்விக்கு அன்று நான் “பார்ப்போம்” என்று மட்டுமே சொன்னேன். ஆசிரியராக வாழ்ந்தவனுக்கு அது போதாத பதில். சரியான பதிலைச் சொல்லவேண்டியவர்கள் லீக்கை நடத்துபவர்களும் அணியை வைத்திருப்பவர்களும்தான்.